பஞ்சாரத்துக்கு வராத சேவல்

நிக்கோமெதெஸ் ஹலிலி, ஊர் வாயில் மெதெஸ், என்ற பெயரை முதல்முதலாகக் கேட்டபோது, அது ஏதோ ஒரு புனிதரின் பெயர் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஆறு வயது இருக்கும். துவைகல் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒரு கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடை வைத்த முட்டை யாருடையது, பொரித்த குஞ்சு யாருடையது என்று தொடங்கின பேச்சு, செத்துப்போன மாமியார்கள்வரை போய்விட்டது. கரையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஏண்டி கத்துறீங்க, மெதெஸைக் கூப்பிட்டு விடுங்க, அவன் தூக்கிக் காட்டட்டும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு முடிந்தது. பெயரைச் சொன்னதுமே சண்டை நிற்கிறதே, கோயிலில் இவர் எந்தப் பீடத்தில் இருக்கிறார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"பீடமும் இல்ல, பிசாசும் இல்ல. உங்க மாமாதான்டி" என்றாள் அம்மா.

அம்மாவுக்குச் சித்தப்பா மகன். அம்மாவின் அப்பா ஆறு பேரில் மூத்தவர். மெதெஸ் மாமாவின் அப்பா நாலாவது. நடுவில் இருந்த இரண்டு பேரும் வாந்திபேதி வந்த வருஷம் ஒரே வாரத்தில் போனார்கள். கடைசி இரண்டும் பெண்கள், அக்கரையில் வாக்கப்பட்டவர்கள். ஆக, ஆண் வழியில் மிஞ்சினது இந்த இரண்டு கிளைதான். அதனால் சொந்தம் கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது.

எங்கள் ஊரான தலாஹிப்பில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேவல்கட்டு. மாமா அந்தக் களத்தின் நடுவர். என் அப்பா தானிஸ் அதே களத்தில் சேவல் காலுக்குக் கத்தி கட்டுகிறவர். கட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு சேவலும் விழுந்துவிட்டால், நடுவர் இரண்டையும் முதுகில் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு முகம் காட்ட வேண்டும். கொத்தினால் உயிர் இருக்கிறது. கொத்தாவிட்டால் கீழே வைத்து மறுபடி தூக்க வேண்டும். மூன்று தடவை. மூன்றாவது தடவையும் கொத்தாததுதான் கோச்சை, தோற்ற சேவல். கழுத்து துவண்டு, செத்தே போனதுபோலத் தொங்கும் சேவலைக்கூட மாமா மூன்று தடவை தூக்காமல் விட்டதில்லை. வெயில் ஏறும். பந்தயம் வைத்தவன் கத்துவான். ஸ்பானிய லெப்டினன்ட் நாற்காலியில் நெளிவான். மாமா பாட்டுக்கு மெதுவாகக் குனிந்து, மெதுவாக நிமிர்வார். ஒருமுறை அந்த லெப்டினன்டின் சேவலையே கோச்சை என்று சொல்லி, அவன் மடியிலேயே கொண்டுபோய் வைத்தார். ஊரில் எந்த வழக்கு என்றாலும், "மெதெஸ் தூக்கியாச்சு, அப்புறம் என்ன பேச்சு" என்று முடிப்பது அப்படி வந்த வழக்கம்.

அவர் ஜெனரல் ஆனதும் அந்தக் கையால்தான். ஸ்பானியர்களுக்கு எதிரான கலகம் எங்கள் பக்கம் வந்தபோது, யார் தலைமை என்று தகராறு. கரும்பாலைக்காரர் ஒருவர், முன்னாள் ஊர்த்தலைவர் ஒருவர். இரண்டு பேருக்கும் குதிரை உண்டு. தீர்த்து வைக்க மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டுமே களத்துல இறங்காத சேவல். இதுல நான் எதைத் தூக்க?" என்றார். கூட்டம் சிரித்தது. "அப்ப நீயே இறங்குய்யா" என்றது. இறங்கினார். எட்டு மாதத்தில் தளபதியாகி, ஜெனரலும் ஆனார். அந்தக் காலத்தில் மரத்துக்கு மரம் ஒரு ஜெனரல் என்று இப்போது பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். நூற்றுப்பத்து ஆள், பதினேழு துப்பாக்கி, மற்றவர்களுக்கு அரிவாள். அதை வைத்து நாலு மாதம் ஆற்றுத்துறையை விடாமல் பிடித்திருந்தார். அது சும்மா இல்லை.

அடுத்த வருஷம் மழை மாதத்தில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஸ்பானியப் பட்டாளம் ஆற்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, நம் ஆட்கள் ஒன்பது பேரைக் கொன்றது. அதில் ஒருவன் மாமாவின் தங்கை மகன். யார் காட்டிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எலாதியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எலாதியோ ஏரிக்கரையில் வாத்து வளர்த்தவர். மனைவி சியானா, ஒரே மகள் ரூபினா. ரூபினாவுக்கு என் வயதுதான். அவரிடம் முப்பது வாத்து இருந்தது. நம் பட்டாளம் பக்கத்துத் தோப்பில் வந்து தங்கினதும் முப்பது பன்னிரண்டாகி, பன்னிரண்டு நாலாகி, கடைசியில் கூண்டு மட்டும் மிஞ்சியது. "நம்ம பிள்ளைங்கதானே, பசி" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது, கீரி நிறத்தில் ஒரு கட்டுச் சேவல். நாலு கட்டில் நாலும் ஜெயித்தது. நாலு தடவையும் என் அப்பாதான் அதற்குக் கத்தி கட்டினார். அந்தச் சேவலை மட்டும் கொடுக்க அவருக்கு மனசில்லை. சேவல் உள்ளவனுக்குத்தான் அது புரியும்.

நாங்கள் அப்போது இலாயாவில் இருந்தோம். பட்டாளம் தங்கின தோப்பிலிருந்து மேடேறி, எதிரிகள் கையில் இருந்த பினுகானுக்குப் போகும் பாதையில் பாதி தூரத்தில் அந்தக் குடியிருப்பு. அப்பா மீன்காரி மூலம் சொல்லிவிட்டார்: "சேவலை இங்க கொண்டாந்து விடு. இறகு கொட்டி முளைக்கிறவரைக்கும் நான் பாத்துக்கிறேன். இந்தப் பக்கம் பட்டாளம் வராது."

சேவலை அடைக்கும் மூங்கில் பஞ்சாரம் என் பொறுப்பு. உடைந்த மூங்கில் குச்சிகளை அப்பா மாற்றிக் கொடுத்தார். நான் தரையில் உமி பரப்பி, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் தண்ணீர் மாற்றினேன்.

மேட்டுப் பாதையில் எலாதியோவை மாமாவின் காவல்காரர்கள் பிடித்தது நடுப்பகலில். நான் பார்க்கவில்லை. அங்கே நின்ற இரண்டு பேர் பின்னாளில் தனித்தனியாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். மாமரத்தடியில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். தூறல். எலாதியோ கையிடுக்கில் சேவலோடு நின்றார்.

"எங்க போற எலாதியோ?"

"பினுகானுக்கு அண்ணே. ஜெனரல். அங்க திருவிழா. சேவல்கட்டுக்கு."

"கொண்டா பாப்போம்."

மாமா சேவலை வாங்கினார். இறக்கையை விரித்தார். புது இறகின் குருத்தில் ரத்தம் நின்றது. கழுத்து பாதி மொட்டை. தொட்ட இடத்தில் சேவல் நொந்து துள்ளியது. இறகு கொட்டும் சேவலைக் கட்டுக்குக் கொண்டுபோகிற மனுஷன் எங்கள் ஏரியைச் சுற்றி எந்த ஊரிலும் கிடையாது. அது தெரியாத நடுவரும் கிடையாது.

"இதையா கட்டப் போற?"

எலாதியோ தலையைச் சொறிந்தார். சிரித்தார்.

"எவன்கிட்ட என்ன சொல்லப் போற? பொய் சொல்றவன் ஒழுங்கான சேவலாவது எடுத்துட்டு வரக் கூடாதா?"

அப்போதும் சிரித்தாராம். "மன்னிக்கணும் ஜெனரல்" என்று மட்டும் சொன்னாராம். உங்கள் ஆட்கள் என் சேவலைத் திருடித் தின்றுவிடுவார்கள், அதனால் ஒளித்து வைக்கக் கொண்டுபோகிறேன் என்று, ஒன்பது பேரைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், அந்த ஆட்களை எல்லாம் சுற்றி வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? நம் ஜனங்களுக்கு அது வராது. கழுத்தில் கத்தி வைத்தாலும் வராது. கூச்சத்தில் சிரிப்போம். அந்தச் சிரிப்பை மாமா வாழ்நாளெல்லாம் பார்த்தவர்தான். அன்றைக்கு அவருக்கு அது ஏளனமாகத் தெரிந்தது.

மறுபடி கேட்கவில்லை. சாட்சி கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் எலாதியோவை ஒற்றன் என்று சுட்டு, அந்த மாமரத்துக்குப் பின்னாலேயே புதைத்துவிட்டார்கள்.

சேவலை அன்றைக்கே சமைத்தார்கள். பச்சைப் பப்பாளியும் இஞ்சியும் போட்டுச் சாறு. தொடைக்கறியை ஜெனரலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். காலில் புண், ஒருநாள் தங்கி ஆற்றிக்கொண்டு போகலாம் என்று. அம்மா சோறு போட்டாள். அவர் கை கழுவ வெளியே வந்தவர், பஞ்சாரத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டாகக் கேட்டார்: "யாரும்மா குடியிருக்கா இதுல? உள்ள ஆளையே காணோமே."

"எலாதியோ அண்ணன் சேவலுக்கு மாமா. அப்பா கொண்டுவரச் சொன்னாரு. அங்க இருந்தா உங்க பட்டாளத்துக்காரங்க தின்னுடுவாங்களாம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எலாதியோவுக்கு நடந்தது எனக்கு அன்று தெரியாது. எதற்குக் கிள்ளுகிறாள் என்று புரியவில்லை.

"எந்தச் சேவல்?" என்றார் மாமா.

"கீரிச் சேவல். இறகு கொட்டுதில்ல, அதான்."

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, நான் பரப்பின உமியைக் கையால் தடவிப் பார்த்தார். சிரட்டையில் தண்ணீர் இருந்தது. "இன்னைக்குத்தான் மாத்தினேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. சோறு அப்படியே இருந்தது.

அப்பா சாயங்காலம் வந்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கின இடத்தில் பேசினார்கள். எங்கள் வீட்டுச் சுவர் பனையோலை. ஓலைக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும்.

"அவன் ஏன் சொல்லல தானிஸ்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்க ஆளு திருடன்னு உங்க மூஞ்சிக்கு நேராவா சொல்லுவான்?"

"சிரிச்சானே."

"வேற என்ன செய்வான் மச்சான்?"

அப்பாதான் மறுபடி சொன்னார்: "இது நமக்குள்ள இருக்கட்டும். உங்க கையை நம்பித்தான் ஆளுங்க ஆத்துல நிக்கிறாங்க. இது வெளிய போனா ஒருத்தன் நிக்க மாட்டான். சண்டை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

மாமா விடியுமுன் புண்ணோடு நடந்தே போய்விட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்ததும் இல்ல, பேசினதும் இல்ல" என்றாள். அப்பா பஞ்சாரத்தைப் பிரித்து அடுப்பில் வைத்தார்.

சண்டை முடிந்தது. ஸ்பானியர்கள் போனார்கள், அமெரிக்கர்கள் வந்தார்கள், அவர்களோடும் மூன்று வருஷம் மாமா காட்டில் இருந்து, கடைசியில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாரே அப்பா, அந்த அப்புறம் வரவே இல்லை.

சியானாவும் ரூபினாவும் அத்தனை வருஷமும் ஒற்றன் பெண்டாட்டி, ஒற்றன் மகள். தவக்காலத்தில் வீடுவீடாக ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பாட்டுப் படிக்கும்போது அவர்கள் உட்கார்ந்த பாயில் யாரும் உட்காரமாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று, காட்டிக்கொடுத்தவன் என்று வைக்கோல் யூதாஸைக் கொளுத்துவதற்குப் பையன்கள் தேடிப் பிடித்த இடம் சியானாவின் வாசல் முன்னால் இருந்த மரம். ரூபினாவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. துவைகல்லில் அவள் வந்தால் மற்றவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு நகர்வார்கள்.

நானும் நகர்ந்திருக்கிறேன். நகர்ந்தது மட்டுமில்லை. பதினாலு வயதில் ஒருநாள், என் சோப்பை அவள் எடுத்துவிட்டாள் என்று, ஒற்றன் மகள் என்ற அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். ஊரில் எல்லோரும் தெரியாமல் சொன்னார்கள். நான் தெரிந்து சொன்னேன். சோப்பு என் துணிக்குள்ளேயே இருந்தது. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன், சொன்னதால் லேசாகவில்லை.

மாமா ஏரியில் மூங்கில் நட்டு மீன் அடைக்கும் வேலைக்குப் போனார். களத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "கண்ணு சரியில்ல" என்றார். கண் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சியானா வீட்டுப் படியில் ஒரு கோர்வை மீன் இருக்கும். யார் வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. வயதான விதவையை எவனோ சுற்றுகிறான் என்று அதற்கும் ஊர் பேசியது. ஏழு வருஷம் இப்படி. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கதவுக்குப் பின்னால் காத்திருந்து, பிடித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வீட்டில் வந்து சொன்னது இது.

"ஜெனரலா? நீங்களா?"

"மீன் மிஞ்சிப்போச்சு."

"ஏழு வருஷமாவா மிஞ்சுது?"

மாமா நின்றார். தலையைச் சொறிந்தார். சிரித்தார்.

சியானா கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பையே பார்த்தாளாம். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு" என்றாளாம். பிறகு கோர்வையை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மீன் வேண்டாம். வாயில என்ன வச்சிருக்கீங்களோ அதைப் போட்டுட்டுப் போங்க. இல்லைன்னா இந்தப் படியை மிதிக்காதீங்க" என்றாள்.

அந்த மே மாதத் திருவிழாவுக்குப் புதுக் களம் கட்டியிருந்தார்கள். முதல் நாள் நடுவராக இருக்க மாமாவைச் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஊரே கூடியது. பெண்கள் உள்ளே போவதில்லை. நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், மூங்கில் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் ஆகி, வயிற்றில் மூத்தவன் இருந்தான். சியானா வாசலில் எப்போதும்போல வாழையிலையில் சுற்றி அவித்த அரிசிப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். கட்டு நடக்கும் இடத்தில் பசிக்கு யார் பலகாரம் என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது கட்டில் இரண்டு சேவலும் விழுந்தன. மாமா குனிந்து தூக்கினார். வெள்ளைச் சேவல் கொத்தியது, கருப்பு கொத்தவில்லை. வைத்தார். மறுபடி தூக்கினார். கருப்பு தலை தொங்கிக் கிடந்தது. "கோச்சை, கோச்சை" என்று கத்தினார்கள். அவர் அவசரப்படவில்லை. மூன்றாவது தடவை தூக்கினார். கருப்புச் சேவல் கண்ணைத் திறந்து, எட்டி வெள்ளையின் கொண்டையைப் பிடித்தது.

கூட்டம் இரைந்தது. மாமா கீழே வைக்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு சேவலோடு நின்றபடியே பேசினார்.

"இதுக்கு மூணு தடவை தூக்கினேன். எலாதியோவுக்கு ஒரு தடவைகூடத் தூக்கல. அவன் ஒற்றன் இல்ல. சேவலை ஒளிச்சு வைக்கப் போனவன். நான் தப்பாக் கொன்னுட்டேன்."

மேல் வரிசையிலிருந்து ஒருவன், "அதெல்லாம் சரி ஜெனரல், எது ஜெயிச்சது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றான்.

"கீழ வையுங்க, கட்டு இன்னும் முடியல."

"பிரசங்கம் கோயில்ல வச்சுக்கலாம்."

"பாவம், வெயிலு மண்டையில ஏறிடுச்சு."

மாமா சேவல்களைக் கீழே வைத்தார். கட்டு நடந்தது. கருப்பு ஜெயித்தது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை எல்லோரும் கேட்டார்கள்.

வாசலில் வந்து சியானா முன்னால் நின்றார். நானும் தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். அவள் பலகாரத்துக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உள்ள சொல்லிட்டேன்" என்றார்.

"எனக்கும் கேட்டுச்சு. உள்ள எத்தனை பேரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"சேவலுக்கு எத்தனை தடவை தூக்குவீங்க?"

"மூணு."

"அப்ப ஒண்ணுதானே ஆச்சு."

அடுத்த ஞாயிறும் போனார். இந்தத் தடவை கட்டு ஆரம்பிக்குமுன்னே களத்தின் நடுவில் நின்றார். பஞ்சாரம் தயாராக இருந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். பட்டாளம் வாத்துகளைத் தின்றதையும் சொன்னார். கூட்டத்தில் பழைய ஆட்கள் முப்பது பேராவது இருந்தார்கள். ஆற்றில் நின்றவர்கள். "எங்களைத் திருடன்னு சொல்றியா? உனக்காக விரல் போனவன்யா நான்" என்று ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். வாழைப்பழத் தோல் வந்து மாமாவின் சட்டையில் விழுந்தது. "நானும் தின்னேன்" என்றார் மாமா. "தொடைக்கறி எனக்குத்தான் வந்துச்சு." அதற்குமேல் ஒருவரும் எறியவில்லை.

"யாரு வீட்டுப் பஞ்சாரம்? யாரு சொன்னா உனக்கு?" என்று விரல் போனவர் கேட்டார்.

மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. என் அப்பா இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. அப்பா களத்தின் ஓரத்தில் ஒரு சேவலுக்குக் கத்தி கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த காலில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார், சுற்றிக்கொண்டே இருந்தார். சேவல்காரன், "போதும் தானிஸ்" என்று கையைப் பிடித்தபிறகுதான் நிறுத்தினார்.

மூன்றாவது ஞாயிறு கூட்டம் பாதிதான். மாமா அதே சொல்லைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. கேட்டார்கள். அப்பா அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுந்து, ஆமாம், என் வீட்டுப் பஞ்சாரம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற நானும் சொல்லியிருக்கலாம். அந்தச் சேவலுக்குத் தண்ணீர் வைத்தவள் நான்தான். வாய் வரவில்லை. பெண்பிள்ளை களத்தில் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சியானா அந்த மூன்றாவது தடவைக்குப் பிறகு மாமாவிடம் ஒரு பலகாரத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் காசு கொடுக்கப் போனார். "வேண்டாம்னு சொல்லல, கொடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதமே மாமரத்தடியிலிருந்து எலும்பைத் தோண்டி எடுத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். சியானா முன்னால் நடந்தாள். பெட்டியை மாமா தனியாகவே தோளில் சுமந்தார். பழைய ஆட்களில் மூன்று பேர் மட்டும் பின்னால் போனார்கள், விரல் போனவரும் அதில் ஒருவர். உயிர்ப்பு ஞாயிறில் யூதாஸை அந்த மரத்தில் கட்டுவது நின்றது. ரூபினாவை, முப்பது வயதுக்குப் பக்கத்தில், மனைவியை இழந்த ஒரு தச்சன் கட்டிக்கொண்டான்.

மாமாவை அப்புறம் யாரும் நடுவராகக் கூப்பிடவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு ஆளையே தப்பாகத் தீர்த்தவர் என்றார்கள். "மெதெஸ் தூக்கியாச்சு" என்று சொல்வதும் மெல்ல மெல்ல ஊரில் இல்லாமல் போயிற்று. என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. சுதந்திர வீரர்களுக்கு விருந்து என்று பின்னாளில் ஆள் அனுப்பினபோதும் அவர் போகவில்லை. ஜெனரல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். மெதெஸ் என்றால் வருவார்.

என் மூத்தவன் பிறந்ததும் ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தாயாக இருக்கச் சொல்லி ரூபினாவைக் கேட்கப் போனேன். அவள் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமலே, "துவைகல்லுல என்னை ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டியே, அதை இப்ப சொல்லு பாப்போம்" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. "சோப்பு என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "தெரியும். உன் துணியில நுரை தெரிஞ்சுது" என்றாள். மூத்தவனுக்கு வரவில்லை. இரண்டாவதுக்கு வந்தாள். பஞ்சாரத்தைப் பற்றி அவளிடம் சொன்னது, என் அப்பா செத்து ஒரு வருஷம் ஆனபிறகு. அவள் எழுந்து உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்து, எனக்குக் காப்பி கொடுத்தாள்.

மாமா எழுபது வயதில் படுத்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசின அன்று, என்னைச் சியானாவிடம் அனுப்பினார். எலாதியோ பக்கத்தில் தன்னைப் புதைக்க அவள் சம்மதிப்பாளா என்று கேட்டு வரச் சொன்னார். அவளுக்கும் கால் நடக்காது அப்போது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு சாமியார்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். அவர்கிட்டயும் போய்ச் சொல்லு. ஆனா எங்க வீட்டுக்காரர் பக்கத்து இடம் என்னோடது."

வந்து சொன்னேன். "நியாயந்தான்" என்றார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

தலாஹிப் கல்லறைத் தோட்டத்தில் வடக்கு வரிசையில் எலாதியோ இருக்கிறார். அவருக்கு அடுத்து சியானா. பிறகு அவள் தம்பி. பிறகு காய்ச்சலில் போன ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிறகு என் அப்பா. அதற்கு அடுத்து, சுவரை ஒட்டி, மெதெஸ் மாமா இருக்கிறார்.